பத்துப் பரிந்துரை, சைபர் சம்பளம்

2025 பிப்ரவரி. ஆஸ்கர் மேடைக்கு இன்னும் சில வாரம்தான் பாக்கி. பத்துப் பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்ட ஒரு படத்தின் இயக்குநர், மார்க் மேரன் என்ற நகைச்சுவைக் கலைஞரின் பாட்காஸ்டில் மைக் முன்னால் உட்கார்ந்து கணக்கு ஒப்பிக்கிறார். கடைசியாக எடுத்த இரண்டு படங்களில் அவர் சம்பாதித்தது சைபர். கூடவே எழுதிய அவருடைய துணைவிக்கும் சைபர். மூன்று வருடத்துக்கு முன்னால் வந்த ஒரு காசோலையைக் கரைத்துக் கரைத்துக் குடும்பம் ஓடியிருக்கிறது. நடுவில் கையில் பட்ட ஒரே காசு, போர்ச்சுகல் போய் எடுத்துக் கொடுத்த மூன்று விளம்பரப் படங்களால் வந்தது.

என்ன விளம்பரம் என்று விசாரிக்காதீர்கள். சோப்பு என்றே வைத்துக்கொள்வோம். சோப்புக்குக் கூலி உண்டு.

அவர் பெயர் பிரேடி கோர்பே. படம் 'த புரூட்டலிஸ்ட்'. அந்தப் பேட்டி வெளியானதும் அமெரிக்கப் பத்திரிகைகள் அதிர்ந்துபோயின. "அதிர்ச்சித் தகவல்" என்று தலைப்பு போட்டன. யாருக்கு அதிர்ச்சி? டிக்கெட் வாங்குகிறவனுக்கு எப்போதோ சந்தேகம் வந்துவிட்டது. பாப்கார்னுக்கு நாம் கொடுக்கிற பணத்தில் பாதியாவது அந்தப் படத்தை எடுத்தவன் கைக்குப் போகிறதா என்று இடைவேளை க்யூவில் நின்றபடி யோசிக்காதவர் யார்?

இவர் நேற்று முளைத்தவரும் இல்லை. 1988-ல் அரிஸோனாவில் பிறந்தவர். பதினோரு பன்னிரண்டு வயதில் 'த கிங் ஆஃப் குவீன்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் முகம் காட்டினார். 2003-ல் 'தர்ட்டீன்'. சுமார் 20 லட்சம் டாலரில் எடுத்த படம். சன்டான்ஸ் விழாவில் இயக்குநர் பரிசு வாங்கியது. அதில் கதாநாயகியின் அண்ணன். அடுத்த வருடமே ஹாலிவுட் கூப்பிட்டது. 'தண்டர்பேர்ட்ஸ்' என்று ஒரு ராக்கெட் படம். 5.7 கோடி டாலர் கொட்டினார்கள். அதில் பாதியைத் தியேட்டரிலிருந்து திரும்ப எடுப்பதற்குள் மூச்சு வாங்கியது. பதினைந்து வயதுப் பையனுக்கு ராக்கெட் உடை மாட்டிவிட்டார்கள், படம் கவிழ்ந்தது. அதற்குப் பிறகு பெரிய ஸ்டுடியோ இருக்கும் திசையில் அவர் தலைவைத்துப் படுக்கவில்லை.

அங்கே ஆரம்பித்தது சுயாதீன சினிமாப் பயணம். 'மிஸ்டீரியஸ் ஸ்கின்' படத்தில், சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளாகி நினைவே தொலைந்துபோன இளைஞன். அமெரிக்கத் தணிக்கைக் குழு அதற்கு ஆகக் கடுமையான சான்றிதழைக் கொடுத்தது. சான்றிதழே வேண்டாம் என்று அப்படியே வெளியிட்டார்கள். 2007-ல் மிஷைல் ஹனகெயின் 'ஃபன்னி கேம்ஸ்': வெள்ளைக் கையுறை மாட்டிய மரியாதைக்கார கொலைகாரன். 2011-ல் லார்ஸ் வான் ட்ரையரின் 'மெலங்கோலியா', அதே வருடம் 'மார்த்தா மார்ஸி மே மார்லீன்'. 2014-ல் மட்டும் ஆஸ்ட்லண்ட், அசாயாஸ், பொனெல்லோ, ஹான்ஸன்-லவ் என்று ஸ்வீடன், பிரான்ஸ் இயக்குநர்களின் படங்களில் தலைகாட்டினார். சில படங்களில் நாலே நாலு காட்சி. ஐரோப்பாவின் பெரிய இயக்குநர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதற்காகவே நடித்தார் போலிருக்கிறது. வேறு எவனாவது அந்த வயதில் பற்பசை விளம்பரத்துக்கு ஈ என்று இளித்திருப்பான். இவர் பாடம் படித்தார்.

பிறகு இயக்கம். 2015-ல் 'த சைல்ட்ஹுட் ஆஃப் அ லீடர்'. வெனிஸ் விழாவில் இரண்டு பரிசு. 2018-ல் 'வாக்ஸ் லக்ஸ்'. வெனிஸ் போட்டிப் பிரிவு. தியேட்டரில் ஈ ஓட்டியது. அதன்பின் 'த புரூட்டலிஸ்ட்'. ஏழு வருடம் பிடித்தது.

இப்போது சொல்லுங்கள். பன்னிரண்டு வயதிலிருந்து முப்பத்தாறு வயது வரை வேலை செய்த ஒரு தச்சர், ஒரு பிளம்பர், ஒரு பேருந்து ஓட்டுநர் இந்த நாளில் எங்கே இருப்பார்? குறைந்தபட்சம் வாடகைத் தேதி வந்தால் கை நடுங்காத இடத்தில் இருப்பார். இவர் இருப்பது பத்துப் பரிந்துரைகளின் உச்சியில். அங்கிருந்து பார்த்தால் லாஸ் ஏஞ்சல்ஸ் முழுக்கத் தெரியும். வீட்டு வாடகைக்கு வழி மட்டும் தெரியாது. பரிந்துரை பெற்ற வேறு பலரும் வாடகை கட்ட முடியாமல்தான் தவிக்கிறார்கள் என்று அதே பேட்டியில் அவரே சொல்லியிருக்கிறார்.

'சுயாதீனம்' என்ற சொல்லைக் கொஞ்சம் உரித்துப் பார்க்கலாம். எதிலிருந்து சுதந்திரம்? பெரிய ஸ்டுடியோவின் பிடியிலிருந்து என்று விழா மலர்களில் அச்சடிப்பார்கள். நல்லது. அமெரிக்காவில் கலைப்படங்களுக்குப் பேர்போன விநியோக நிறுவனங்களின் பட்டியலை எடுங்கள். சர்ச்லைட் டிஸ்னிக்குச் சொந்தம். ஃபோகஸ் யுனிவர்சலுக்குச் சொந்தம், யுனிவர்சல் காம்காஸ்ட்டுக்குச் சொந்தம். சோனி பிக்சர்ஸ் கிளாசிக்ஸ் யாருக்குச் சொந்தம் என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஆக, முதலாளிகள் எல்லாரும் ஒருவரோடு ஒருவர் பத்திரமாகச் சேர்ந்திருக்கிறார்கள். சுதந்திரம் கிடைத்திருப்பது நடிகனுக்கு. சம்பளத்திலிருந்து சுதந்திரம். காப்பீட்டிலிருந்து சுதந்திரம். சனி, ஞாயிறிலிருந்து சுதந்திரம்.

காப்பீடு என்றதும் நினைவுக்கு வருகிறது. அமெரிக்க நடிகர் சங்கத்தில் சுமார் 1,60,000 உறுப்பினர்கள். 2023 நிலவரப்படி சங்கத்தின் மருத்துவக் காப்பீடு கிடைக்க வேண்டுமானால் வருடத்துக்கு 26,470 டாலராவது நடித்துச் சம்பாதித்திருக்க வேண்டும். உறுப்பினர்களில் 85 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அந்தக் கோட்டைத் தொடவில்லை. திரும்பப் படியுங்கள். நூறு நடிகர்களில் எண்பத்தைந்து பேருக்கு மேல் சங்கக் காப்பீடு இல்லை. வேறு காப்பீடும் இல்லையென்றால், காய்ச்சல் வந்தால் சொந்தக் காசு. அமெரிக்காவில் சொந்தக் காசில் காய்ச்சல் வருவது என்றால் என்னவென்று அங்கே பிள்ளைகளை அனுப்பிவிட்டு வாட்ஸ்அப்பில் கைவைத்தியம் சொல்லிக்கொண்டிருக்கும் பெற்றோரைக் கேளுங்கள்.

சரி, பிரபலமாகிவிட்டால்? சிட்னி ஸ்வீனியைப் பாருங்கள். 'யூஃபோரியா' தொடரால் உலகப் புகழ். 2022-ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் அந்தப் பெண் கணக்கை விரித்துப் போட்டார். வழக்கறிஞருக்கு ஐந்து சதவீதம். ஏஜென்ட்டுக்குப் பத்து. கணக்கு வழக்கு பார்க்கிறவருக்கு இன்னொரு பங்கு. விளம்பரப் பொறுப்பாளருக்கு மாதாமாதம் கொடுப்பது வீட்டுக் கடன் தவணையைவிட அதிகம். ஆறு மாதம் வேலை செய்யாமல் ஓய்வெடுக்கத் தன்னிடம் பணமில்லை, அதனால்தான் விளம்பரங்களில் நடிக்கிறேன் என்றார். உடனே கிளம்பிவிட்டார்கள் உபதேசிகள். பணத் திமிர், நன்றி கெட்டவள் என்று. அவர் சொன்னது எளிய விஷயம். பழைய காலத்தில் தொடர் மறு ஒளிபரப்பானால் நடிகனுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு பங்கு வரும். ஸ்ட்ரீமிங்கில் அது தேய்ந்துபோய்விட்டது. 'ஆரஞ்ச் இஸ் த நியூ பிளாக்' தொடரில் நடித்த கிமிகோ கிளென் தனக்கு வெளிநாட்டு ஒளிபரப்புக்காக வந்த பங்கைக் கேமராவில் காட்டினார். 27 டாலர் 30 சென்ட். உலகம் முழுக்க விடிய விடிய பார்த்த தொடர். நியூயார்க்கில் இரண்டு பேர் காலை டிபன் சாப்பிட்டால் பில்லுக்குக் காணாது.

பொறுக்க முடியாமல் 2023 ஜூலையில் நடிகர்கள் தெருவில் இறங்கினார்கள். 118 நாள் வேலைநிறுத்தம். இறங்குவதற்கு முதல்நாள் டிஸ்னி தலைவர் பாப் ஐகர் தொலைக்காட்சியில் வந்து, இவர்களின் எதிர்பார்ப்பு யதார்த்தமாக இல்லை என்று வருத்தப்பட்டார். எங்கிருந்து வருத்தப்பட்டார் தெரியுமா? ஐடாஹோ மாநிலத்தில் சன் வேலி. கோடீஸ்வரர்கள் வருடாவருடம் கூடிக் குலவும் மலைவாச ஸ்தலம். அந்த நிதியாண்டில் அவர் வாங்கிய ஊதியம் 3.16 கோடி டாலர். யதார்த்தம் பற்றி அவருக்குத் தெரியாமல் நமக்கா தெரியும்?

இதைவிட எனக்குப் பிடித்தது மரம் வெட்டிய கதை. லாஸ் ஏஞ்சல்ஸில் பார்ஹம் சாலை. யுனிவர்சல் ஸ்டுடியோ வாசல். ஜூலை வெயில். பதாகை பிடித்துக்கொண்டு நடிகர்களும் எழுத்தாளர்களும் நடக்கிறார்கள். ஒதுங்க ஒரே இடம், நடைபாதையில் வரிசையாக நின்ற ஃபைகஸ் மரங்கள், நம் ஊர் ஆலமரத்துக்குத் தூரத்துச் சொந்தம். ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் மரமெல்லாம் மொட்டை. கிளை இல்லை, இலை இல்லை, நிழல் இல்லை. வருடாந்தரப் பராமரிப்பு என்றது ஸ்டுடியோ. மாநகராட்சி விசாரித்தது. அனுமதி வாங்காமல் வெட்டியது நிரூபணமாயிற்று. பயங்கர அபராதம் விதித்தார்கள்.

250 டாலர்.

டைனோசரை நடக்கவைத்துக் காசு பார்த்த கம்பெனி அது. 250 டாலரைக் கட்ட எந்தச் சொத்தை விற்றார்களோ, பாவம்.

இனி யாராவது "சினிமாவில் பணம் எங்கேப்பா இருக்கிறது, ஓடிடி வந்து எல்லாம் போச்சு" என்று மூக்கால் அழுதால் இந்தப் பத்தியை எடுத்து நீட்டுங்கள். வார்னர் பிரதர்ஸ் 'பேட்கேர்ள்' என்று ஒரு படம் எடுத்தது. லெஸ்லி கிரேஸ் என்ற இளம் நடிகை கதாநாயகி. வாழ்க்கையில் ஒருமுறை கிடைக்கிற வேடம். படப்பிடிப்பு முடிந்து, எடிட்டிங் மேஜையில் இருந்தது. செலவு சுமார் 9 கோடி டாலர். 2022 ஆகஸ்டில் கம்பெனி ஒரு முடிவு எடுத்தது. வெளியிட வேண்டாம். தியேட்டரிலும் வேண்டாம், ஓடிடியிலும் வேண்டாம், எங்கேயும் வேண்டாம். வரிக் கணக்கில் நஷ்டம் என்று எழுதிக்கொள்ளலாம். சினிமாப் பத்திரிகைகள் எல்லாம் அப்படித்தான் எழுதின. அந்தப் பெண் சண்டைப் பயிற்சி எடுத்தது, கிளாஸ்கோ குளிரில் நின்றது, மாதக்கணக்கில் உடம்பை வருத்தியது எல்லாம் ஒரு கணக்காளரின் எக்செல் ஷீட்டில் ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிட்டது. இந்த முடிவை எடுத்த கம்பெனியின் தலைவர் டேவிட் ஸாஸ்லவ். வார்னரோடு இணைவதற்கு முந்தைய டிஸ்கவரி கம்பெனியில், 2021-ம் வருடத்துக்கு மட்டும் அவருக்குக் காட்டப்பட்ட ஊதியம் 24.66 கோடி டாலர். பெரும்பகுதி பங்குச் சலுகை.

'த புரூட்டலிஸ்ட்' எடுக்க ஆன மொத்தச் செலவு ஒரு கோடி டாலருக்கும் குறைவு. யாரும் பார்க்காமல் புதைத்த அந்த ஒரு படத்தின் பணத்தில் ஒன்பது புரூட்டலிஸ்ட் எடுக்கலாம். 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸ் 'த எலெக்ட்ரிக் ஸ்டேட்' என்ற ரோபோ படத்தை இறக்கியது. 32 கோடி டாலர் செலவு என்று செய்தி. விமர்சகர்கள் துவைத்துக் காயப்போட்டார்கள். அந்தக் காசில் முப்பத்திரண்டு. ஒரு நாட்டின் ஒரு தலைமுறைக் கலைப்படம் முழுவதையும் எடுத்துவிட்டு, மிச்சக் காசில் எல்லாருக்கும் காய்ச்சல் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாம்.

பணம் இருக்கிறது. ஏராளமாக இருக்கிறது. அது போகிற வழியில்தான் கலைஞன் வீடு இல்லை.

"பரவாயில்லை தம்பி, இப்போது சம்பளம் கம்மிதான், ஆனால் லாபத்தில் பங்கு தருகிறோம்" என்று இளம் நடிகர்களிடம் ஒரு வசனம் சொல்வார்கள். ஹாலிவுட்டின் மிகப் பழைய நகைச்சுவைக் காட்சி இது. 'கமிங் டு அமெரிக்கா' என்ற எடி மர்ஃபி படம் 1988-ல் வந்தது. உலகம் முழுக்க 28.8 கோடி டாலர் வசூல். கதை என்னுடையது என்று ஆர்ட் புக்வால்ட் என்ற பத்திரிகையாளர் பாரமவுன்ட் மீது வழக்குப் போட்டார். நிகர லாபத்தில் பங்கு தருவதாக ஒப்பந்தம் இருந்தது. கம்பெனி கணக்குப் புத்தகத்தைத் திறந்தது. இந்தப் படத்தில் நிகர லாபமே இல்லை! நீதிபதியே அந்த ஒப்பந்த விதி மனசாட்சிக்கு விரோதமானது என்று சொல்ல வேண்டி வந்தது. நிகர லாபப் பங்கைக் குரங்குப் பங்கு என்று எடி மர்ஃபி கேலி செய்தார். எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஒப்பந்தத்தில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. குரங்கும் மாறவில்லை, பங்கும் மாறவில்லை. கையெழுத்துப் போடுகிற பையன் மட்டும் வருடாவருடம் புதுசு.

கோர்பே படத்துக்கு வருவோம். கதை என்ன? ஹிட்லர் முகாமிலிருந்து உயிர் பிழைத்து அமெரிக்கா வரும் ஹங்கேரிய யூதக் கட்டடக் கலைஞன். அவனுடைய திறமையைக் கண்டுபிடித்து, தட்டிக் கொடுத்து, விருந்தில் உட்காரவைத்து, வேலை வாங்கி, கூலியில் கைவைத்து, கடைசியில் அவனுடைய உடம்பையும் மானத்தையும் சேர்த்துச் சிதைக்கும் ஒரு பணக்காரப் புரவலன். மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம். இதை யாருமே வெளியிட முடியாது என்று தன்னிடம் சொன்னதாகக் கோல்டன் குளோப் மேடையில் இயக்குநரே சொன்னார். சொன்னவர்கள் எல்லாரும் அன்றிரவு அதே அரங்கில் கோட்டு சூட்டோடு உட்கார்ந்து கைதட்டியிருப்பார்கள். புரவலனின் கொடுமையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட புரவலர்கள்.

நடுவில் ஒரு விஷயம். இந்தப் படத்தில் பதினைந்து நிமிடம் இடைவேளை விட்டார்கள். அமெரிக்க விமர்சகர்களுக்குத் தலைகால் புரியவில்லை. என்ன துணிச்சல், என்ன புதுமை, ரசிகனை எப்படி மதிக்கிறார் என்று பத்தி பத்தியாக எழுதினார்கள். தலைமுறை தலைமுறையாக இடைவேளையில் முறுக்குத் தின்று வளர்ந்த நாம் எதுவும் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

படப்பிடிப்பில் பெரும்பகுதி ஹங்கேரியில் நடந்தது. வெனிஸ் விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிச் சிங்கம். அங்கிருந்து படத்தை வாங்கிப்போனது ஏ24 நிறுவனம். 2024-ல் அந்த நிறுவனத்துக்கு முதலீட்டாளர்கள் போட்ட மதிப்பு 350 கோடி டாலர். படம் உலகம் முழுக்கச் சுமார் 5 கோடி டாலர் வசூலித்தது. போட்ட காசைப்போல் ஐந்து மடங்கு. வாங்கியவர், விற்றவர், தியேட்டர்காரர், சோடா விற்றவர் என்று சங்கிலியில் எத்தனை பேர் கை நனைத்திருப்பார்கள்! எழுதி இயக்கியவர் வீட்டுக் குழாயில் மட்டும் காற்று வருகிறது.

விருதுப் பருவம் என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் இதில் உச்சகட்ட ஆபாசம். படம் எடுக்கிற வேலைக்காவது எங்கேயாவது ஒரு மூலையில் கூலி எழுதியிருப்பார்கள். பரிசுக்காக ஊர் ஊராகப் போய்ப் பேட்டி கொடுக்கிற வேலைக்கு அதுகூட இல்லை. விமானம், ஹோட்டல், மேக்கப், புன்னகை, மறுபடி விமானம். ஒரே கேள்வி, ஒரே பதில், வேறு வேறு மைக். ஆறு மாதமாக இதைச் செய்தேன், சனி ஞாயிறும் உண்டு, வேறு எழுத்து வேலை எடுக்கக்கூட நேரமில்லை, அந்த ஆறு மாதத்துக்கும் வருமானம் கிடையாது என்கிறார் கோர்பே. ஒருவன் பன்னிரண்டு மணிநேரம் சம்பளமில்லாமல் செங்கல் சுமந்தால் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. சட்டமும் இருக்கிறது. சிவப்புக் கம்பளத்தில் சுமந்தால் அதற்குக் 'கௌரவம்' என்று பெயர்.

அந்த வருடம் சிறந்த படமாக ஜெயித்தது 'அனோரா'. ஷான் பேக்கர் 60 லட்சம் டாலரில் எடுத்த படம். பரிசு வாங்கித் தருவதற்காக விநியோகக் கம்பெனி பிரசாரத்துக்குச் செலவழித்தது 1.8 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. கல்யாணத்துக்கு ஆன செலவைப்போல் மூன்று மடங்கு கல்யாணப் பத்திரிகைக்கு. இருபத்தைந்து வயது மைக்கி மேடிசன் சிறந்த நடிகை. பேக்கர் ஒரே இரவில் நான்கு ஆஸ்கர் வாங்கினார். அதற்கு ஒரு வாரம் முன்னால் சுயாதீனப் படங்களுக்கான ஸ்பிரிட் விருது மேடையில் அவர் பேசியது யாருக்கும் நினைவிருக்காது. ஒரு படத்துக்கு மூன்று வருடம் போகிறது, கொடுக்கிற கூலியை மூன்று வருடத்துக்குப் பிரித்தால் பிழைக்க முடியாது, எனக்குக் குழந்தை இல்லை, இருந்திருந்தால் இந்தப் படங்களை எடுத்திருக்கவே முடியாது என்றார். கூட்டம் கைதட்டியது. கைதட்டியவர்களில் செக் புத்தகம் வைத்திருந்தவர்களும் உண்டு. இரண்டு கையும் தட்டுவதில் மும்முரமாக இருந்ததால் எழுத முடியாமல் போயிருக்கும்.

"இஷ்டப்பட்டுத்தானே போனான்? யார் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது?" என்று ஒருவர் கேட்பார். எப்போதும் கேட்பார். எந்த ஊரிலும் கேட்பார். இவரே தன் வீட்டுப் பிளம்பரிடம், உனக்குக் குழாய் பிடிக்கும்தானே, இன்றைக்குக் கூலி எதற்கு என்று கேட்டுப் பார்க்கட்டும். ஸ்பானர் எங்கே வந்து விழுகிறது என்று தெரியும். பிடித்த வேலையைச் செய்கிறவனுக்குக் கூலி வேண்டாம் என்ற தத்துவத்தைப் பிடித்த வேலையைச் செய்து கோடிக்கணக்கில் வாங்குகிற எந்த நிர்வாகியும் தனக்குப் பொருத்திப் பார்த்ததில்லை. ஸாஸ்லவுக்குத் தன் வேலை பிடிக்காமலா இருக்கும்?

இதில் மறைந்திருக்கிற திருட்டு வேறு. கூலியே இல்லாத வேலையை இருபத்தைந்து வருடம் யாரால் செய்ய முடியும்? அப்பாவுக்கு வீடு இருக்கிறவனால். அம்மா ஸ்டுடியோவில் இருக்கிறவளால். மற்றவன் பகலில் காபி ஆற்றி, ராத்திரி வசனம் மனப்பாடம் செய்து, ஆடிஷன் நாளில் லீவு கேட்டு, காபிக் கடை வேலையையும் தொலைத்து, முப்பது வயதில் ஊருக்கு பஸ் ஏறுவான். அவன் போனது எந்தப் பத்திரிகையிலும் வராது. மிஞ்சுகிறவர்களைப் பார்த்து, ஏன் எல்லாம் வாரிசுகளாகவே இருக்கிறார்கள் என்று அதே பத்திரிகைகள் வருடாவருடம் அட்டைப்படக் கட்டுரை போடும். அட்டையில் ஒரு வாரிசு சிரிக்கும்.

ஒன்றுமே கொடுக்கவில்லை என்று சொன்னால் பாவம் பிடிக்கும். கொடுக்கிறார்கள். பை கொடுக்கிறார்கள். ஆஸ்கருக்கு நடிப்பு, இயக்கம் பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்ட அத்தனை பேருக்கும் ஒரு தனியார் விளம்பர நிறுவனம் வருடந்தோறும் பரிசுப் பை அனுப்புகிறது. அகாடமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2025-ல் அந்தப் பையின் மதிப்பு இரண்டு லட்சம் டாலருக்கு மேல். உள்ளே சொகுசு விடுதியில் தங்க அனுமதி, இன்னும் என்னென்னவோ. 2022-ல் ஸ்காட்லாந்தில் கைக்குட்டை அளவு நிலம் கொடுத்தார்கள். வைத்திருப்பவர் தன்னைப் பிரபு என்று அழைத்துக்கொள்ளலாமாம். வாடகை கட்ட முடியாத பிரபு.

சிகரம் இனிமேல்தான். அந்தப் பை, அமெரிக்க வருமான வரித் துறையின் கண்ணில் வருமானம். ஏற்றுக்கொண்டால் வரி கட்ட வேண்டும். படத்தில் சைபர் சம்பாதித்தவன் சொகுசு விடுதிக் கூப்பனுக்கு டாலரில் வரி கட்ட வேண்டும். எதை விற்றுக் கட்டுவது?

சிலையை விற்கலாமே என்று தோன்றும். எட்டரை பவுண்டு எடை, வெண்கலத்தின் மேல் தங்கப் பூச்சு. ஏலத்தில் விட்டால் பல லட்சம் போகும். அதற்கும் வழியை அடைத்துவிட்டார்கள். ஜெயித்தவர் சிலையை விற்க நினைத்தால் முதலில் அகாடமிக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். அகாடமி தருகிற விலையும் அதிலேயே அச்சாகியிருக்கிறது. ஒரு டாலர்.

சைபரோடு ஒப்பிட்டால் நல்ல உயர்வுதான். ஆனால் மார்ச் 2-ம் தேதி இரவு 'த புரூட்டலிஸ்ட்' ஜெயித்த மூன்று சிலைகளும் நடிகருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் இசையமைப்பாளருக்கும் போயின. கோர்பேக்கு அந்த ஒரு டாலரும் கிடைக்கவில்லை.